இருபத்துநான்கு இழுப்பறைகளும் ஒரு பிஸ்கட் டின்னும்

குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. டாக்டரிடம் போகலாமா, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா என்று காலையிலிருந்து எனக்குள் ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை இருக்கட்டும் என்று ஒரு துண்டு சுக்கைத் தட்டிக் கொதிக்கவைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு காரம் ஆகுமா என்று பாதியைக் கரண்டியால் எடுத்து வெளியே வைத்தேன். இவ்வளவு குறைத்தால் பிறகு சுக்கு எதற்கு என்று அதையே திரும்ப உள்ளே போட்டேன். ஆவி எழுந்து முகத்தில் பட்டது. உடனே எனக்குக் கம்ப்யூட்டர் நினைவு வந்தது.

சிரிக்காதீர்கள். பூ வாசனைக்குக் கோயில் நினைவு வருபவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சுக்கு வாசனை வந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சதுரமும் அதன் நடுவே ஒரு பொத்தானும் கண்முன் வரும். நான் முதன்முதலில் வேலை பார்த்த இடம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. கீழே கூரை முட்டச் சுக்கு மூட்டைகள். மேலே மரப்பலகைத் தரை. பலகை இடுக்குகள் வழியாக வாசனை ஏறி வந்து எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் குடிபுகுந்துவிடும். பழுது பார்க்க வந்தவர் ஒருமுறை மூடியைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஜலதோஷமே வராது" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தேன். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. ஓடை, குழாய் என்று அலைந்துவிட்டு மாலையில் வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு உள்ளே வருபவர். மகள் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகிறாள் என்பதே அவருக்குப் பெரிய விஷயம். எங்கள் அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர். முதலாளி பாபு சார். மலையாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புரோகிராம் எழுதுபவர். சமீரா, தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டுப் பெண், என்னைவிட இரண்டு வயது பெரியவள், வாயில் நான்கு வயது பெரியவள். மூன்றாவது ஆள் நான்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, பக்கத்தில் இருந்த ஒரு தர்ம டிஸ்பென்சரியின் நோயாளி கார்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது. யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. அதில் லினக்ஸ்தான் ஓடும். பாபு சார் பைதான் மொழியில் எழுதச் சொன்னார். பைதான் எனக்குத் தெரியும். ஆனால் கறுப்புத் திரையில் எழுத்து வரவழைக்க மட்டும்தான் தெரியும். டிஸ்பென்சரிக்காரர்களுக்கு வேண்டியது பொத்தானும் பெட்டியும் பட்டியலும் உள்ள ஜன்னல்.

பொத்தானையும் பெட்டியையும் நாமே முதலிலிருந்து வரைய வேண்டியதில்லை. முன்பே யாரோ செய்துவைத்திருப்பார்கள். எவர் செய்த தொகுப்பை எடுப்பது என்பதுதான் கேள்வி. பைதானுக்கு அப்போது மூன்று எனக்கு அகப்பட்டன. டிகே, டபிள்யூஎக்ஸ், ஜிடிகே. டிகே பைதானோடு கூடவே வரும்; எளிது; பார்க்க மட்டும் மழைக்கால வானம் போல ஒரே சாம்பல். டபிள்யூஎக்ஸ் அழகாக இருந்தது, ஆனால் அந்தப் பழைய இயந்திரத்தில் ஏற்றவே ஒரு நாள் போனது. ஜிடிகேயில் மலையாள எழுத்து ஓரளவு ஒழுங்காகச் சேர்ந்து வந்தது. டிகேயில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. ஆனால் ஜிடிகேயைக் கற்றுக்கொள்ள எனக்குக் கிடைத்த பக்கங்கள் குறைவு. அவையும் ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதியவை போல இருந்தன.

நோட்டின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் நன்மை, ஒரு பக்கம் தீமை என்று எழுதினேன். மறுநாள் நன்மையில் இருந்த இரண்டைத் தீமைக்கு மாற்றினேன். ஒரே சின்ன ஜன்னலை மூன்றிலும் எழுதிப் பார்த்தேன். எர்ணாகுளத்துக்குப் படகில் போய், பிரவுசிங் சென்டரில் பக்கம் பக்கமாக அச்செடுத்து, திரும்பி வரும் படகில் காற்று பிடுங்காமல் மடியில் அமுக்கிக்கொண்டு படித்தேன். தூரத்தில் வல்லார்பாடம் தீவு பச்சையாகப் போகும். நான் நிமிர்ந்தும் பார்க்கமாட்டேன். மூன்றாவது வாரம் பாபு சார் என் மேசைக்கு வந்து நோட்டைப் புரட்டினார்.

"எந்தா மோளே, இது பெண்ணு காணலா? ஒண்ணு எடுத்து வேலையத் தொடங்கு."

"தப்பா எடுத்துட்டா சார்?"

"தப்பா எடுத்தா மாத்தாம். எடுக்காமலே இருந்தா எதை மாத்தறது?"

சமீரா தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னாள். "சார், இவளுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்க பாவம். பேரன் பேத்தி எடுக்கற வயசுலதான் சம்மதம் சொல்லுவா."

வெட்கத்தில் அன்றே முடிவு செய்தேன். டிகே. ஏன் டிகே என்று பாபு சார் கேட்டபோது, கூடவே வருகிறது, லேசானது, பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்றது என்று நோட்டைப் பார்த்துப் படித்தேன். உண்மைக் காரணம் எனக்கு எளிது என்பது. அதை நோட்டில் எழுதவில்லை.

எளிது என்றாலும் முதல் நாளே ஜன்னல் தோன்றிய வேகத்தில் மறைந்தது. கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும், அதை விட்டுவிட்டேன். ஜன்னல் அப்படியே நின்று, யாராவது எதையாவது அழுத்துகிறார்களா என்று முடிவில்லாமல் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. அழுத்தினால் செய்ய வேண்டியதைச் செய்து, திரும்பவும் காத்திருக்கும். அன்று எனக்கு அது மனப்பாடமாகத்தான் தெரியும். பொருள் புரிய எனக்கு ஒரு கைக்குழந்தை தேவைப்பட்டது.

டிகேயில் பொருள்களை ஜன்னலுக்குள் வைக்க இரண்டு வழி. ஒன்றின் பெயர் பேக். இதை முதலில் ஒரு ஓரத்தில் சாத்து, மிச்சம் இருக்கும் இடத்தில் அடுத்ததைச் சாத்து என்று போகும். புத்தகத்தில் படித்தபோது தலை சுற்றியது. ஒரு மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே லோடு ஏற்றுபவர்கள் லாரிச் சுக்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் தேனிப் பக்கத்துக்காரர்கள், நரைத்த மீசைக்காரர்கள், நாள் முழுக்கச் சண்டை.

"மொத வரிசையச் சொவத்துல சாத்துண்ணே. வாசல அடைச்சிட்டு எந்த வழியாப் போவீரு? ஆகாசத்துலயா?"

"நீ எனக்குச் சொல்லாத. போன வாரம் யாரு உள்ளயே மாட்டிக்கிட்டது?"

கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் ஒரு வரிசை. மிச்ச இடம் சுருங்கியது. பின்சுவரில் ஒரு வரிசை. மிச்சம் இன்னும் சுருங்கியது. கையைக் கழுவாமல் மேலே ஓடினேன். அதற்குப் பிறகு பேக் எனக்குத் தகராறு செய்ததே இல்லை.

இரண்டாவது வழி கிரிட். அது கட்டம் போட்ட தாள். மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம் என்று சொன்னால் பொருள் அங்கே போய் உட்காரும். எனக்குப் பேக்கே போதும் என்று கிரிட் பக்கங்களைப் படிக்காமல் மடித்துவைத்தேன்.

முதல் ஜன்னல் தயாரானது. உச்சியில் பெயரை அடித்துத் தேடும் பெட்டி, கீழே வரிசையாகப் பெயர், வயது, ஆண் அல்லது பெண், விலாசம். எல்லாம் ஆங்கிலத்தில். டிஸ்பென்சரியிலிருந்து கட்டுக்கட்டாக வந்த கார்டுகளையும் அதில் ஏற்றியாயிற்று. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்ப் பெருமையோடு திறந்து காட்டினேன்.

அங்கே கார்டு எடுத்துத் தருபவர் லில்லி சேச்சி. வயது ஐம்பத்தொன்று. இருபது வருடமாக அதே நாற்காலி. முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மர அலமாரி. ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு, ஆக இருபத்துநான்கு இழுப்பறைகள். மலையாளம் பேசுபவர்தான், ஆனால் சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் என்பதால் எங்களோடு பேசும்போது தமிழ் கலந்துகொள்வார். மௌஸைக் கையில் கொடுத்தேன். அதைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தார்.

"கீழ வச்சுத் தள்ளணும் சேச்சி."

"தள்ளினா எங்கயாவது ஓடிப்போயிடாதே?"

அந்த நேரம் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் ஃபாத்திமா. நான் தட்டிக் காட்டினேன். நாற்பது ஃபாத்திமாக்கள் வரிசையாக வந்து நின்றார்கள். சேச்சி திரையைப் பார்க்கவேயில்லை. "எவிடத்தெயா?" என்றார். எந்த இடம் என்று அர்த்தம். அவள் ஒரு சந்தின் பெயரைச் சொன்னாள். "யாரு வீடு?" அதையும் சொன்னாள். நான் ஆறாவது ஃபாத்திமாவின் வயதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கார்டு அவள் கையில் இருந்தது.

மட்டாஞ்சேரியில் அப்படித்தான். குஜராத்திக்காரர், கொங்கணிக்காரர், கட்ச் பக்கத்துக்காரர், தமிழர் நாங்கள் என்று எத்தனை கூட்டம், எத்தனை மொழி. பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. முதலில் சந்து, பிறகு வீடு, கடைசியில்தான் பெயர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் ஜன்னலைப் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் செய்திருந்தேன்.

கூட்டம் குறைந்ததும் சேச்சி குரலைத் தாழ்த்தினார். "மோளே, அடுத்த மாசம் முதல் திங்களாழ்ச்ச கமிட்டிக்காரர் வருவாங்க. நான் இதுல கார்டு எடுத்துக் காட்டணும். முடியாட்டி எர்ணாகுளத்துலருந்து கம்ப்யூட்டர் படிச்ச ஒரு குட்டியக் கொண்டுவருமாம். இந்த வயசுல நான் எங்க போய் வேலை கேக்க?" அப்புறம் திரையைக் காட்டினார். "எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க அறியும். இதுல மலையாளம் வராதா?"

வரக்கூடிய ஒன்று இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. எடுக்காத காரணமும் எனக்குத் தெரியும்.

இருந்தது பதினைந்து நாள். ஜிடிகேக்கு மாறிவிடலாமா? மாறி, கற்று முடிக்காமல் நடுவழியில் நின்றால்? மாறாமல் இருந்து சேச்சியின் நாற்காலி போனால்? சாப்பிடும்போது அம்மா, "சோத்துல என்ன எண்ணிக்கிட்டிருக்க?" என்று கேட்கும் அளவுக்கு ஆனது. சமீராவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவும் செய்தாள்.

"மூணு வாரம் ஜன்னல்களப் பாத்தியே, ஒரு நாளாவது அந்த அலமாரியப் பாத்தியாடீ? போய்ச் சும்மா உக்காரு. கம்ப்யூட்டரத் தொடாதே."

போய் உட்கார்ந்தேன். ஆனி மாத மழை. பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து கரண்டும் போயிற்று. உள்ளே ஆள் முகமே தெரியவில்லை. வரிசையில் ஆட்கள் சந்துப் பெயரைச் சொல்லச் சொல்ல, சேச்சி திரும்பிக் கையை நீட்டினார். இழுப்பறை திறந்தது, விரல் நடந்தது, கார்டு வந்தது. அடுத்த ஆள். அடுத்த இழுப்பறை.

"இருட்டுல எப்படி சேச்சி வாசிக்கறீங்க?"

"ஆரு வாசிக்கறா? கிணத்துச் சந்துன்னா மூணாம் வரி, ரெண்டாவது. கை போகும்."

மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம். நான் படிக்காமல் மடித்துவைத்த பக்கங்கள்!

அன்றே தொடங்கினேன். ஜன்னலில் ஆறு வரிசை, நான்கு கட்டம், இருபத்துநான்கு பொத்தான்கள், அலமாரியில் எது எங்கே இருந்ததோ அதே இடத்தில். பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம் அந்தச் சந்தின் வீட்டுப் பெயர்கள் வரும். ஒரு சந்துக்குப் பத்துப் பதினைந்து வீடு. அவ்வளவையும் சேச்சி எழுத்துக் கூட்டியே பிடித்துவிடுவார். வீட்டை அழுத்தினால் ஆட்கள். பெயர் கடைசியில்.

எழுதி முடித்து ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை. ஜன்னலும் இல்லை. விசிறி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அதே மௌனம். இரண்டு நாள் போனது. எங்கே தப்பு என்று சொன்னாலாவது திருத்தலாம். சொல்லாமலே நிற்பதை என்ன செய்வது? பாபு சார் பார்த்தார், சமீரா பார்த்தாள். கடைசியில் பைதான்காரர்கள் கேள்வி கேட்கும் மின்னஞ்சல் குழு ஒன்றுக்கு, மூன்று முறை மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். மறுநாள் முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து ஒற்றை வரியில் பதில். ஜன்னலின் ஒரே சட்டத்துக்குள் பேக்கையும் கிரிட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்களா?

போட்டிருந்தேன். பழைய ஜன்னலில் இருந்த தேடும் பெட்டியை எடுக்க மனமில்லாமல், அதைப் பேக்கிலேயே விட்டுவிட்டு, பொத்தான்களைக் கிரிட்டில் வைத்திருந்தேன். பேக் தன் கணக்குப்படி இடத்தைச் சரிசெய்யும். கிரிட் வந்து தன் கணக்குப்படி மாற்றும். பேக் மறுபடி மாற்றும். முடிவே இல்லை.

படித்ததும் புரிந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் சமையலறையில் இது வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அப்போது சித்தியும் எங்களோடு இருந்தாள். அம்மா உப்பு ஜாடியை அடுப்புக்கு வலப்பக்கம் வைப்பாள். சித்தி வந்து இடப்பக்கம் வைப்பாள். அம்மா திரும்பவும் வலப்பக்கம். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சண்டையே இல்லாத வீடு. சாப்பாடு மட்டும் மூன்று மணிக்கு.

தேடும் பெட்டியை எடுத்தேன். ஜன்னல் வந்தது. அந்தச் சாம்பல் நிறத்தை அன்றுதான் முதன்முறையாக அழகு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். நனைந்த குடைகளைச் சுவரில் சாத்திவிட்டுச் சேச்சியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். சேச்சி கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வந்திருந்தார். அலமாரி பூட்டியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் நான்.

"எவிடத்தெயா?"

முதல் ஆள் சந்தின் பெயரைச் சொன்னார். சேச்சியின் மௌஸ் கொஞ்சம் தடுமாறி, ஐந்தாம் வரிசைக்குப் போய் அழுத்தியது. வீடு. ஆள். கார்டு எண். இரண்டாவது ஆள். மூன்றாவது. நான்காவது ஆளுக்குச் சேச்சி திரையைப் பார்த்த மாதிரியே இல்லை, கை போயிற்று. கமிட்டித் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாவதாக ஒரு பெரியவர். "எவிடத்தெயா?" என்றார் சேச்சி.

"வல்லார்பாடம்."

சேச்சியின் கை நின்றது. மெல்லக் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். படகில் வருபவர்களின் கார்டு அதில்தான் இருந்தது. அலமாரியில் அவர்களுக்கு இழுப்பறை கிடையாது. அன்று அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தேனே, மேசைக்கு அடியில் நான் பார்க்கவில்லை. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு சேச்சி என்னைப் பார்த்தார். தலைவர் முன்னால் குனிந்தார். "அப்ப இது கம்ப்யூட்டரில் இல்லே?"

"ரெண்டு நிமிஷம் சார்" என்று என் குரல் சொன்னது. எனக்கே தெரியாத குரல். கீபோர்டை இழுத்துக் கோப்பைத் திறந்தேன். இன்னொரு பொத்தான், ஒரே வரி. விரல் பழக்கத்தில் பேக் என்று அடித்துவிட்டது. ஓடவிடும் விசைமேல் கை போய்விட்டது. அப்படியே ஓடவிட்டிருந்தால் விசிறி உறும, கமிட்டி பார்க்க, திரை வெறுமையாக நின்றிருக்கும். எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்று அந்த வரியை மறுபடி படித்தேன். வாழ்க்கை முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்திய சந்தேகப் புத்தி, ஒரே ஒரு முறை கூலி கொடுத்தது. அழித்துக் கிரிட் என்று எழுதினேன்.

இருபத்துநான்கு பொத்தானுக்கும் கீழே, தனியாக, இருபத்தைந்தாவது வந்தது. அதன்மேல் மூன்று ஆங்கில எழுத்து.

"டின்னோ? இதெந்தா?" என்றார் தலைவர்.

"அது போட்டுல வர்றவங்களோட இடமாக்கும் சாரே" என்றார் சேச்சி, நாள்பட்ட விஷயம் போல.

அழுத்தினார். பட்டியல் காலி. டின்னில் இருந்த ஒரு கார்டையும் யாரும் ஏற்றியிருக்கவில்லையே. சேச்சி மௌஸை விட்டுவிட்டு, கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அந்த வீட்டுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அவர் தட்டிய முதல் பெயர் அதுதான். ஒன்பது எழுத்து. வரிசையில் நின்றவர்களில் ஒரு பெண், "பையப் பண்ணிக்கோ சேச்சி, எங்களுக்கு அவசரமில்ல" என்றாள். அவள் இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தை.

தலைவர் குடையை எடுத்துக்கொண்டார். "சேச்சி தன்னெ இருக்கட்டே" என்றார். சேச்சியே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார் சேச்சி. ஓய்வு பெறும்வரை அந்தச் சாம்பல் ஜன்னல்தான். ஜிடிகேயை எடுத்திருந்தால் மலையாளத்தில் இருந்திருக்கும், இன்னும் நன்றாக இருந்திருக்குமோ என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. கேட்டால் சமீரா அடிப்பாள்.

போன மாதம், மகளுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசிக்காக அம்மா வீட்டிலிருந்து அதே டிஸ்பென்சரிக்குப் போனேன். நாங்கள் இப்போது இருக்கும் திருப்பூணித்துறையிலேயே போட்டிருக்கலாம்; போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன். சுக்குக் கிடங்கின் கீழ்ப்பகுதி இப்போது சுற்றுலாக்காரர்களுக்கான காப்பிக்கடை. உள்ளே நின்று மூச்சை இழுத்தேன். வறுத்த காப்பிக்கொட்டை வாசனை மட்டும்தான். பலகை இடுக்கில்கூடச் சுக்கு மிச்சமில்லை. பாபு சார் காக்கநாட்டுப் பக்கம் போய்விட்டார். டிகேயும் மாறிவிட்டது. பேக்கையும் கிரிட்டையும் கலந்தால் இப்போதெல்லாம் அது மௌனமாக நிற்பதில்லை. ஒரே சட்டத்துக்குள் இரண்டும் கூடாது என்று உடனே எழுதிக் காட்டுகிறது. வேண்டுமென்றே ஒருமுறை தப்பாக எழுதிப் பார்த்தேன். நல்லதுதான். ஆனாலும் சித்தி ஞாபகம் வந்தது.

டிஸ்பென்சரியில் அலமாரி இல்லை, மேசைக்கு அடியில் டின்னும் இல்லை. குனிந்து பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், பெரிய திரை. என் முறை வந்ததும் அவள் கேட்காமலே சொன்னேன்.

"கிணத்துச் சந்து. கார்ப்பரேஷன்காரர் வீடு."

"அதொண்ணும் வேண்டா சேச்சி" என்றாள் அவள், சிரித்தபடி. "ஃபோன் நம்பர் பறஞ்ஞா மதி."

நம்பர் சொன்னால் போதுமாம். பத்து எண்களைச் சொன்னேன். திருப்பூணித்துறையில் முன்பு பதிந்திருந்த மகளின் பெயர் உடனே வந்தது. அவள் தட்டிய நேரமெல்லாம் என் பார்வை, திரையில் மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.